இறந்த மகளின் முகம் களிமண்ணில் அமையவில்லை: தொடர்வதா, நிறுத்துவதா?

கேள்வி: குடந்தைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்துக்கு அருகில் வசிப்பவன். கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். என் ஒரே மகள் பத்தொன்பதாம் வயதில், நான்கே நாள் காய்ச்சலில், சென்ற ஆண்டு ஐப்பசியில் இறந்துவிட்டாள். மூன்றாம் நாள் இரவு, "காய்ச்சல்தானே, விடிந்ததும் போகலாம்" என்று சொன்னவன் நான். அந்த ஓர் இரவால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர்கள் பிறகு சொன்னார்கள். அது காதில் விழுந்ததே தவிர மனத்தில் இறங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகு வீட்டில் இருக்க முடியாமல் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தேன். மார்கழியில் ஒரு நாள், பொங்கல் பானை வனைந்துகொண்டிருந்த ஒரு வேளாரின் பட்டறை வாசலில் நின்றுவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் போனேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பிசைந்த மண்ணில் ஓர் உருண்டையை எடுத்து என் கையில் வைத்து, "சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு இதைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க" என்றார். அப்படித் தொடங்கியது. இப்போது மகளின் அறையில் ஒரு வாளி மண்ணும் ஒரு மரப்பலகையும் வைத்துக்கொண்டு தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் அவள் முகத்தைச் செய்ய முயல்கிறேன். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த ஒளிப்படம் எதிரில் இருக்கிறது. மூக்கும் நெற்றியும் தனித்தனியே சரியாகத்தான் வருகின்றன. ஆனால் முழுவதும் முடிந்ததும் அது வேறு யாரோ ஒரு பெண்ணாக இருக்கிறது. உடைத்து மறுபடியும் வாளியில் போட்டுவிடுகிறேன். ஏழெட்டு முறை ஆகிவிட்டது. ஒரே ஒரு முறை உடைக்காமல் விட்டதைக் காயவைத்தபோது தாடையிலிருந்து காது வரை வெடித்துவிட்டது.

மண் கையில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் மனம் அடங்கியிருக்கிறது என்பது உண்மை. கையைக் கழுவியதும் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. இது அமைதியா, அல்லது ஒளிந்துகொள்ள ஓர் இடமா என்று எனக்கே தெரியவில்லை. இறந்தவர் உருவத்தைச் செய்து வீட்டில் வைப்பது ஆகாது என்று என் தமக்கை சொல்கிறார். என் மனைவி ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. அந்த அறைக்குள் வருவதே இல்லை. சுவாமிமலை பக்கத்திலேயே இருக்கிறது, மெழுகில் செய்து உலோகத்தில் வார்த்துவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். முகமே அமையாதபோது உலோகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆண்டுத் திதி நெருங்குகிறது. இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது இருந்தால், தொடர்வதா நிறுத்துவதா என்று சொல்லுங்கள்.

மறுமொழி: கல்வெட்டுப் பித்தன்

ஐயா, உங்கள் தமக்கையார் சொன்னதற்கு மட்டும் நான் மறுமொழி சொல்கிறேன். மற்றவற்றைக் கைத்தொழில் தெரிந்தவர்கள் சொல்லட்டும். இறந்தவருக்கு உருவமோ அடையாளமோ செய்வது நம் மரபுக்கு விரோதமானதன்று. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதற்குக் கால்கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. இவற்றில் முதல் நான்கும் உடம்பு வருந்திச் செய்ய வேண்டிய வேலைகள் என்பதைக் கவனியுங்கள். துக்கத்தில் இருந்தவர்களை நம் முன்னோர் சும்மா உட்கார வைக்கவில்லை; மலைக்கு அனுப்பிக் கல் சுமக்க வைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துகளோடு நடுகற்கள் கிடைத்தன. நடுகற்களிலேயே மிகப் பழமையானவற்றுள் அவை அடங்கும். அவற்றில் உருவமே கிடையாது. ஒரு கல்லில், ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த ஒருவனின் பெயரும் ஊரும் மட்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. பிற்காலத்துக் கற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரன் வருகிறான். ஆனால் ஒரு வீரனின் முகத்துக்கும் இன்னொருவனின் முகத்துக்கும் பெரிய வேறுபாடு இராது. முகம் ஒத்திருக்க வேண்டும் என்பது ஒளிப்படக் கருவி வந்த பிறகு நமக்கு ஏற்பட்ட ஆசையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மறுமொழி: வேளார் வீட்டுப் பிள்ளை

ஐயா, நான் மானாமதுரைப் பக்கம். அப்பா, தாத்தா எல்லாரும் சக்கரத்தில் உட்கார்ந்தவர்கள். நான் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்துவிட்டு மீண்டும் சூளைக்கே வந்தவன். முதலில் வெடிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தீர்க்கக்கூடியது.

தலையைக் கெட்டியான உருண்டையாகச் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மண் காயும்போது சுருங்கும். பத்து விரற்கடை உயரம் ஏறக்குறைய ஒன்பதாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே இருக்கும் ஈரமண் சுருங்க மறுத்தால், வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. காதும் தாடையும் சேரும் இடத்தில் மெல்லியதும் கனத்ததும் அடுத்தடுத்து இருப்பதால் அங்கே தொடங்கியிருக்கிறது. எனவே முழு உருவமும் அமைந்து, மண் தோல் பதத்துக்கு, அதாவது கையில் ஒட்டாமல் அறுக்க வரும் அளவு இறுகிய பதத்துக்கு, வந்ததும், மெல்லிய கம்பியால் உச்சியை மூடிபோல் அறுத்தெடுத்து, உள்ளே ஒரு விரற்கடைக் கனம் மட்டும் நிற்கும்படி குடைந்துவிடுங்கள். அறுத்த இடத்தை இரண்டு பக்கமும் கீறி, அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி ஒட்டுங்கள். கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு துளை இருக்கட்டும். காற்றும் ஆவியும் வெளியேற வழி இல்லாவிட்டால் சூளையில் தலை சிதறிவிடும். மண்ணோடு நன்றாகச் சலித்த ஆற்றுமணல் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்தால் சுருக்கம் குறையும். வேலை நடக்கும் நாள்களில் ஈரத்துணியால் மூடியே வைக்க வேண்டும். துணி ஒரு நாள் காய்ந்துவிட்டாலும் மூக்கு நுனியும் காதுமடலும் முந்திக்கொண்டு இறுகிவிடும், பிறகு அவற்றின்மேல் புதுமண் ஒட்டாது. வேலை முடிந்ததும் நிழலில், காற்றோட்டம் அதிகம் இல்லாத இடத்தில், பதினைந்து நாளாவது காயட்டும்.

இனி முகம் ஏன் அமையவில்லை என்பது. அடையாள அட்டைப் படம் ஒரே பக்கத்தைத்தான் காட்டும். அதிலும் அவள் உங்களைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்க்கிறாள். நீங்களோ மகளைப் பத்தொன்பது ஆண்டுகள் பக்கவாட்டிலும், பின்னாலிருந்தும், குனிந்து சாப்பிடும்போதும் பார்த்தவர். உங்கள் கைக்குத் தெரிந்ததை அந்தப் படம் மறக்கடிக்கிறது. படத்தைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிட்டு, தலையின் பின்புறத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துவிட்ட தலை உங்கள் உள்ளங்கைக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது, பிடரி எங்கே பள்ளமாக இருந்தது, நடக்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதெல்லாம் கைக்கு நினைவிருக்கும். மண்டையின் அளவும் கழுத்தின் சாய்வும் சரியாக இருந்தால், கண் மூக்கு இல்லாமலேயே பத்தடி தொலைவில் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். கண்ணைக் கடைசியில் வையுங்கள். கோயிலுக்குச் சிலை செய்யும் ஸ்தபதியும் கண் திறப்பதைக் கடைசியாகத்தானே செய்கிறார்? கண்ணை முதலில் செய்துவிட்டால் அது உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், கை நடுங்கும்.

ஒரு சொந்த விஷயம். சாவு வீட்டுக்குக் கொள்ளிக்குடம் வாங்க வருகிறவர்களிடம் எங்கள் அப்பா விலை பேச மாட்டார். சின்ன வயதில், உடைப்பதற்கென்றே வாங்கிப் போகும் குடத்தை எதற்கு இவ்வளவு ஒழுங்காக வனைய வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் குடத்தின் விளிம்பைத் துணியால் இன்னொரு முறை வழித்துவிட்டார். கணவனை இழந்த ஒருத்தி, இறந்தவரை வைத்துப் புதைக்கும் தாழியை வனையும் குயவனைப் பார்த்து, வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு பல்லிபோல என் கணவனோடு பல வழிகளைக் கடந்து வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனை என்று கேட்பதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை யாரும் படித்ததில்லை. கல்லூரியில் ஆசிரியர் சொன்னபோதுதான் அப்பாவுக்கு அது முன்பே தெரிந்திருந்ததுபோல எனக்குத் தோன்றியது.

நீங்கள் உடைத்து வாளியில் போடுவதில் தவறே இல்லை. சுடாத மண்ணுக்கு அதுதான் பெருமை; எத்தனை முறை வேண்டுமானாலும் கரைந்து திரும்பி வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒளிப்படத்தோடு ஒப்பிட்டுத் தோற்றுப்போய் உடைப்பதுதான் உங்களைத் தேய்க்கிறது.

மறுமொழி: வடதிசை

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஜேர்மனியில் வாழ்பவன். சிற்பம் செய்யத் தெரியாது. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தவுடன் பெல்ஜியத்தில் நான் பார்த்த இரண்டு சிலைகள் நினைவுக்கு வந்தன; அவற்றின் கதை உங்களுக்கு உதவலாம் என்று எண்ணி, சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேத்தே கொல்விட்ஸ் என்ற ஜேர்மானியக் கலைஞர் 1867-இல் பிறந்தவர். ஏழைகளையும் தொழிலாளர்களையும் வரைந்து பெயர் பெற்றவர். கணவர் கார்ல் பெர்லினில் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் மருத்துவராக இருந்தார். 1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது, இளைய மகன் பீட்டர் தானாகவே படையில் சேர விரும்பினான். வயது பதினெட்டுதான்; தந்தை இசைவு தர வேண்டும். கார்ல் மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் பரிந்து பேசி இசைவு பெற்றுக் கொடுத்தவர் தாயான கேத்தே. அந்த அக்டோபர் மாதமே, பெல்ஜியத்தில், பீட்டர் கொல்லப்பட்டான். "விடிந்ததும் போகலாம்" என்ற உங்கள் சொல்லை நீங்கள் எப்படிச் சுமக்கிறீர்களோ, அப்படி அவர் தம் சொல்லைச் சுமந்தார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் மகனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்யத் தீர்மானித்தார். முதலில் அவர் கருதியது, மகனின் உடல் நீட்டிக் கிடக்க, தலைமாட்டில் தந்தையும் கால்மாட்டில் தாயும் இருப்பது. பல ஆண்டுகள் உழைத்தும் அது அமையவில்லை, 1919-இல் கைவிட்டார். இடையில் போரைப் பற்றிய மரச்செதுக்கு ஓவியங்களை 1921, 1922-ஆம் ஆண்டுகளில் செய்தார். அவற்றுள் ஒன்றில் பெற்றோர் இருவரும் முழந்தாளிட்டு, ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, எது யாருடைய கை என்று தெரியாதபடி ஒரே கருங்குவியலாக இருக்கிறார்கள். 1920-களின் நடுவில் மீண்டும் களிமண்ணைத் தொட்டார். 1926-இல் கணவரோடு, பெல்ஜியத்தில் பீட்டரைப் புதைத்த மயானத்துக்கு முதன்முறையாகப் போய்ப் பார்த்தார். 1932-இல் கல்லில் வடித்த சிலைகள் அங்கே நிறுவப்பட்டன. கணக்கிட்டுப் பாருங்கள்: மகன் இறந்து பதினெட்டு ஆண்டுகள், அதாவது அவன் வாழ்ந்த அளவு காலம்.

நான் சொல்ல வந்தது இதுதான். நிறைவேறிய சிற்பத்தில் மகன் இல்லை. பெற்றோர் மட்டுமே இருக்கிறார்கள். தந்தை கார்லின் சாயலில் நிமிர்ந்து முழந்தாளிட்டு, குளிரில் நிற்பவர்போலத் தம் கைகளால் தம்மையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார்; தாய் கேத்தேயின் சாயலில் முற்றும் குனிந்திருக்கிறார். மரச்செதுக்கில் ஒன்றாகக் கலந்திருந்த அந்த இருவரும் கல்லில் தனித்தனிப் பீடங்களில், இடையே வெற்றிடம் விட்டு இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தொடவில்லை. பார்க்கவும் இல்லை. இந்த இடைவெளியை அந்த அம்மையார் மிகவும் யோசித்துத்தான் வைத்திருப்பார் என்பது என் எண்ணம். உங்கள் மனைவி அந்த அறைக்குள் வராததை உங்களுக்கு எதிரான ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவே இவ்வளவும் எழுதினேன். ஒரே சாவுக்கு இருவர் இரண்டு பீடங்களில் இருந்து துக்கம் காக்க முடியும்.

பின்னர் 1950-களில் அந்த மயானத்துக் கல்லறைகளோடு சிலைகளும் விளாட்ஸ்லோ என்ற இடத்துக்கு மாற்றப்பட்டன. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் அங்கே கிடக்கிறார்கள். தந்தைச் சிலைக்கு முன்னால் தரையோடு பதித்த ஒரு கல்லில் மற்றவர்களின் பெயர்களோடு பீட்டரின் பெயரும் இருக்கிறது. நான் போன அன்று தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் அண்ணனுக்குக் கல்லறை இல்லை. அதனால் அந்த இடத்தில் அதிக நேரம் நின்றேன்.

அவருக்கு அமைதி கிடைத்ததா என்று கேட்பீர்கள். 1937-இல், மகன் இறந்த அதே அக்டோபர் நாளில், மடியில் இறந்த மகனைக் கிடத்தியிருக்கும் ஒரு தாயின் சிற்பத்தைச் செய்துகொண்டிருப்பதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார் என்பதைத்தான் விடையாகச் சொல்ல முடியும். இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மகன் சிற்பத்துக்குள் திரும்பி வந்தான். அதுவும் ஒரு முழ உயரம்கூட இல்லாத சிறிய உருவமாக. அதன் பெரிதாக்கிய வடிவம் 1993 முதல் பெர்லினில் நினைவுமண்டபம் ஒன்றின் நடுவில், மேற்கூரைத் திறப்பின் கீழே, மழையிலும் பனியிலும் நனைந்துகொண்டிருக்கிறது. 1942-இல் ரஷ்யப் போர்முனையில் அவருடைய பேரனும் இறந்தான். அவன் பெயரும் பீட்டர்.

மறுமொழி: தனிமரம்

மேலே எழுதியவர்கள் எல்லாரும் நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். என் கணவர் இறந்த பிறகு நான் மாவுக்கல்லில் செதுக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் செதுக்கினேன். பயிற்சி தந்தவர் மெச்சினார், உறவினர்கள் மெச்சினார்கள், கண்காட்சி ஒன்றில்கூட வைத்தார்கள். எனக்கோ இரவில் இரண்டு மணிக்கு மேல் தூக்கம் வந்ததே இல்லை. செதுக்கும்போது சாப்பாடு மறந்துபோகும், அதை ஈடுபாடு என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். எடை பதினொரு கிலோ குறைந்த பிறகுதான் என் மகன் வற்புறுத்தி மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான். ஆறு மாத மருந்துக்குப் பிறகு கல்லைத் தொட்டபோது அது வேறு வேலையாக இருந்தது.

ஆகவே ஐயா, கையைக் கழுவியதும் எல்லாம் திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, திரும்பி வருவது எது? அழுகையும் நினைவும் என்றால் அது வரட்டும், வர வேண்டியதுதான். தூக்கமின்மை, பசியின்மை, நானும் போயிருக்கலாம் என்ற நினைப்பு என்றால் மண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். மண் செய்யும் வேலையை மண்ணும் மருந்து செய்யும் வேலையை மருந்தும் செய்யட்டும்.

மறுமொழி: குடந்தைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனிமரம் அம்மா அவர்களுக்கு: நீங்கள் கேட்ட கேள்வியை ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவது அந்த இரவுதான். அதனால் தஞ்சாவூரில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். தூக்கத்துக்கு மருந்து தந்திருக்கிறார். அடுத்த மாதம் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்.

வேளார் வீட்டுத் தம்பி சொன்னபடி படத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டுப் பின்னந்தலையிலிருந்து தொடங்கினேன். தம்பி, நீங்கள் சொன்னது சரி, கைக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூட நாள்களில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது பெரும்பாலும் நான்தான், அவள் அம்மா அதிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். இரட்டைப் பின்னலும் பிடரியும் இரண்டே மாலையில் அமைந்துவிட்டன. குனிந்து எதையோ படிப்பதுபோலத் தலை தானாகவே முன்னால் சாய்ந்தது. முகத்தை இன்னும் தொடவில்லை. தொடுவேனா என்றும் தெரியவில்லை. அது பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலை இல்லை, பத்து வயதுக் குழந்தையின் தலை என்பது மூன்றாம் நாள்தான் எனக்கே புரிந்தது.

வடதிசை ஐயா எழுதிய பீடங்களைப் பற்றி என் மனைவியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தஞ்சாவூருக்குப் போன அன்று இரவு திரும்ப முடியாமல் அங்கேயே தங்க நேர்ந்தது. ஈரத்துணி காய்ந்திருக்குமே என்ற கவலையோடு மறுநாள் நண்பகலில் வந்து பார்த்தேன். துணி நனைந்திருந்தது. நான் போட்டிருந்த பழைய வேட்டித் துணி இல்லை. அவளுடைய நூல்சேலையில் கிழித்த துண்டு, நாலாக மடித்து, ஓரங்களை உள்ளே செருகி வைத்திருந்தது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு துணியை நான் இரவில் நனைக்கிறேன். காலையில் பார்க்கும்போது மறுபடியும் நனைந்திருக்கிறது.

இப்போது ஒரு சந்தேகம், தம்பி. பின்னல்கள் பிடரியில் தொடங்கும் இடத்தில் மண் இரண்டரை விரற்கடைக் கனம் நிற்கிறது. உச்சியை அறுத்துக் கையை விட்டால் அங்கே எட்டவில்லை. பின்னல்களைத் தனியே அறுத்தெடுத்துக் குடைந்து ஒட்டலாமா, அல்லது கழுத்தின் அடியிலிருந்து குடைந்துகொண்டு போக வேண்டுமா? நம் ஊர் வேளார் வரும் அமாவாசைக்குப் பிறகு சூளை வைக்கிறாராம். அதற்குள் காய்ந்துவிடுமா என்றும் சொல்லுங்கள்.

மறுமொழி: வேளார் வீட்டுப் பிள்ளை

பின்னல்களை அறுக்க வேண்டாம் ஐயா. கழுத்தின் அடியிலிருந்தே போங்கள். கம்பி வளையத்தை மூங்கில் குச்சியில் கட்டிக்கொண்டால் எட்டும். குடையும்போது வெளியே ஒரு கை பின்னலின் மேல் இருக்கட்டும், மண் மெலிவது உள்ளங்கைக்குத் தெரியும். தனியாளாகச் செய்தால் தலை உருளும். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த அமாவாசைச் சூளைக்குக் கொடுக்காதீர்கள், இவ்வளவு கனம் அதற்குள் காயாது. அடுத்த சூளைக்குக் கொடுங்கள்.